ஏழாம் நம்பர் வீட்டு நாய்

பெயரை மட்டும் இப்போது எழுதாதீர்கள், டாக்டரம்மா. மற்றதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். கறுப்பு நிறம், முன்னங்கால் இரண்டும் வெள்ளை. ஆண். வயது ஆறு. கூப்பிடுவது சீசர் என்று. நான் வைத்த பெயர் அல்ல. நாய்க்கு ராஜாக்களின் பெயரை வைக்கிற ஆள் நான் இல்லை. உரிமையாளர் என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்களே, அதைக் காலியாக விடுங்கள். நான் சொல்கிறேன். சொல்லாமல் போக மாட்டேன். வெறும் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது, அதற்காகத்தான்.

உட்காருங்கள். இந்த வருஷம் உங்களுக்கு இங்கே வேலை குறைவு. போன வருஷம் வெறிநாய் ஊசிக்கு வந்தவர் இதே கொட்டகையில் பதினேழு நாய்க்குப் போட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு நீங்கள் ஐந்து நாய்க்குப் போட்டிருக்கிறீர்கள். இது ஆறாவது. நடுவில் பதினோரு நாய் எங்கே போனது என்று உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. அரசாங்கப் படிவம் அப்படித்தான். இருப்பதை எண்ணும். போனதை எண்ணாது.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அய்யாத்துரை. இந்த ஊசிமட்டம் தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் வேலை, அதில் நாலு வருஷம் வெளியே தள்ளப்பட்டு நின்றேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மிச்சமெல்லாம் டவுனில் சங்க அலுவலகத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்த துண்டறிக்கைகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. படித்தது போதாது என்று நானே எழுதினேன். இதுவரை அறுபத்து மூன்று. ஒன்றில்கூட ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற்றதில்லை. சிறை இரண்டு முறை. கோழிக்கடை கொண்டுவந்தது நான். அதோ, நாங்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் பின்னால் தகரம் தெரிகிறதே, அதுதான். அதற்கு முன்னால் ஒரு கிலோ கறி வாங்க இந்தச் சனம் ஆறு கிலோமீட்டர் நடந்தது. நான் பதினான்கு மனு போட்டேன். கடை வந்தது.

அந்தக் கடைக் கழிவு விழுகிற பள்ளத்தில்தான் சிறுத்தை வந்தது என்று வனத்துறை ரேஞ்சர் சொன்னார். "கழிவைத் தின்ன நாய் கூடுது. நாயைத் தின்ன சிறுத்தை வருது. இதுல என்ன அதிசயம் அய்யாத்துரை?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாளே நான் அறுபத்தொன்றாவது துண்டறிக்கையை எழுதினேன். தலைப்பு: ‘கோழிக்கடையைக் குற்றவாளியாக்கும் சதி.’ பதில் வரவில்லை. பதில் இருந்தால்தானே வரும்.

போன ஐப்பசியில் ஆரம்பித்தது, டாக்டரம்மா. இங்கே நாய்கள் பெரும்பாலும் யாருக்கும் சொந்தம் இல்லை. எல்லா வீட்டு மிச்சத்தையும் தின்னும், எல்லா வீட்டுக்கும் குரைக்கும். சாயங்காலம் கொழுந்து எடை முடிந்து பெண்கள் ஏறி வரும்போது நாய்கள் எதிரே ஓடும். ஐந்தரை, ஆறு. அந்த நேரத்தில்தான் தூக்கியது. முதலில் பள்ளத்தில், பிறகு தண்ணீர்க் குழாயடியில், பிறகு படியில். சத்தம் கிடையாது. நேற்று இருந்த நாய் இன்று இராது. கார்த்திகை முடிவதற்குள் ஏழு போனது. தை பிறக்கும்போது பத்து.

மாடு போனால் அதற்கு அதிகாரி வருகிறார், படம் எடுக்கிறார். நாய் போனால் கேட்க ஒரு நாதி இல்லை. அதை நான் கேட்டேன். எஸ்டேட் கேட்டை மறித்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். கொழுந்து லாரி மூன்று நின்றது. எழுபத்தோரு வயதில் தார் ரோட்டில் உட்கார்ந்தேன். ரேஞ்சர் இறங்கி வந்தார்.

"கூண்டு வைக்கிறேன். ஆனா கூண்டுன்னா உள்ள ஒரு உயிர் இருக்கணும்" என்றார். "இங்க ஆடு வளர்க்கிறவங்க யாரும் இல்ல. நாய் ஒண்ணு குடுங்க. கூண்டுல ரெண்டு அறை. நாய் இருக்கிறது பின்னறை, நடுவுல கம்பிவலை. சிறுத்தை முன்னறைக்குள்ள வந்தா கதவு விழுந்துடும். நாய்க்கு ஒண்ணும் ஆகாது. பயந்துக்கும், அவ்வளவுதான்."

யாருடைய நாய்?

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அப்போது லைனில் மிச்சம் இருந்தது ஏழு நாய். ஒன்று கால் ஒடிந்து கிடந்தது. ஒன்று செவிடு, குரைக்காது. மூன்று லேசில் பிடிபடாது. மிச்சம் இரண்டு. ஒன்று என் வீட்டு வாசலில் கிடக்கும் செவலை. இன்னொன்று ஏழாம் நம்பர் வீட்டு இஸ்ரவேலின் நாய். இந்தச் சீசர்.

இஸ்ரவேல் யார் என்று சொல்கிறேன். நானும் அவனும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே ரசீதுப் புத்தகத்தில் சங்க உறுப்பினர் ஆனவர்கள். நனைந்த கொழுந்துக்கு எடையில் தள்ளுபடி போடக் கூடாது என்று வேலைநிறுத்தம் தொடங்கியபோது தலைமை ஏற்றது நாங்கள் இரண்டு பேர். பத்தொன்பதாம் நாள் என்னைப் பிடித்து உள்ளே போட்டார்கள். நாற்பத்தோராம் நாள் இஸ்ரவேல் மேனேஜர் பங்களாவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டான். முன்வாசல் வழியாகப் போகவில்லை. சமையல்காரன் போகும் பின்வாசல் வழியாகப் போனான். ஒப்பந்தத்தில் தள்ளுபடி பாதி குறைந்தது. பாதி. என்னை வெளியே விட்டார்கள், வேலையில் சேர்க்கவில்லை. அவன் இரண்டு வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனான்.

இருபத்தொன்பது வருஷம் அவனோடு நான் பேசவில்லை. அவன் ஏழாம் நம்பர், நான் நாலாம் நம்பர். நடுவில் இரண்டே வீடு. இரண்டு பேருக்கும் ஒரே குழாய். அவன் குடம் நிறைந்துகொண்டிருந்தால் நான் தள்ளி நிற்பேன், மரத்தைப் பார்ப்பேன். அவன் சம்சாரம் இறந்தபோது போனேன். செத்தவள் மேல் எனக்கு விரோதம் இல்லை. அவன் முகத்தைப் பார்க்காமல் போனேன், பார்க்காமல் வந்தேன். அது ஒரு பயிற்சி, டாக்டரம்மா. எல்லோராலும் முடியாது.

என் சம்சாரம் பேச்சித்தாய் அடிக்கடி ஒன்று சொல்வாள். "நீரு உள்ள இருந்தீரு. மூணு வேளை சோறு போட்டான். வெளிய கிடந்தது நாங்க. அந்த இருவத்திரெண்டு நாளும் உம்ம பிள்ளைக்கு யாரு கஞ்சி ஊத்தினான்னு ஒரு நாளாவது கேட்டீரா?"

கேட்கவில்லை. போராளி கஞ்சியைப் பற்றிக் கேட்க மாட்டான்.

கூட்டம் இந்தக் கொட்டகையில்தான் நடந்தது. காலையில் பெயர் கூப்பிடும் இடம். நான் தலைமை. முதலில் கோழிக்கடை ராசு வாயைத் திறந்தான். "கூண்டு கேட்டது அய்யாத்துரை மாமா. அப்போ செவலையை வைக்கிறதுதானே ஞாயம்?" என்றான். கடை வாங்கிக் கொடுத்தவனுக்கு நன்றி அப்படி இருக்கிறது.

நான் எழுந்தேன். கைத்தட்டலுக்காகப் பேசவில்லை, கொள்கையைப் பேசினேன். "செவலை கழுத்தில் இதுவரை ஒரு கயிறு ஏறியதில்லை. என் வீட்டில் யாரையும் கட்டிப்போடுவதில்லை, அடைத்துவைப்பதில்லை. அடைபட்டுக் கிடந்தவன் நான், எனக்குத் தெரியும். சுதந்திரமாக வளர்ந்த நாயைக் கூண்டில் போட்டால் அது இரண்டு நாளில் செத்துப்போகும். ஆனால் இந்த லைனில் ஒரு நாய் பிறந்ததிலிருந்து சங்கிலியில் கிடக்கிறது. ஐந்து மணி அடித்தால் வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். அதற்கு அடிமைத்தனம் பழகிவிட்டது. அதற்குக் கூண்டு புதிதல்ல."

யாருடைய நாய் என்று நான் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கடைசித் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். எழுபத்து மூன்று வயது, ஒரு முழங்கால் மடங்காது, மகன் திருப்பூரில். வீட்டில் அவனும் இந்த நாயும்தான்.

அப்போது அவன் பேசினான். இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, என்னைப் பார்த்து.

"அய்யாத்துரை. அதை விட்டுரு."

மூன்று வார்த்தை. நான் எத்தனை ராத்திரி நினைத்துப் பார்த்த குரல் அது. அவன் என்னிடம் ஒன்றைக் கேட்க வேண்டும், நான் இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறேனோ என்றுகூட நினைத்திருக்கிறேன். இப்போது கேட்டுவிட்டான். நான் திரும்பிக்கொண்டேன். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம்."

பத்தொன்பது கை. நான் தூக்கவில்லை. தலைமை வகிப்பவர் கை தூக்கக் கூடாது. அது மரபு.

பேச்சித்தாய் கூட்டத்திலேயே இருந்தாள், கை தூக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சொன்னாள்: "ஒரு வாயில்லாச் சீவனை வச்சு முப்பது வருசத்துப் பழியைத் தீத்துக்கிட்டீரு. இனிமே நீரு நல்லாத் தூங்கும்."

நன்றாகத் தூங்கினேன். பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை கூண்டு வந்தது. தேயிலைக் காட்டுக்குக் கீழே, ஓடைக்கரையில் இறக்கினார்கள். நாயை யார் கொண்டுவருவது என்று வனத்துறைக் கார்டு தயங்கிக்கொண்டிருந்தபோது இஸ்ரவேலே கொண்டுவந்தான். சங்கிலியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நூற்றுப் பன்னிரண்டு படி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினான். நாய் அவனுக்காக ஒவ்வொரு படியிலும் நின்றது. கூண்டுக்குள் முதலில் தன் எஸ்டேட் கம்பளியை விரித்தான், வருஷத்துக்கு ஒன்று கொடுப்பார்களே, அது. பிறகு நாயை உள்ளே விட்டான். பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அந்த அளவுக்காவது அவனுக்குச் சங்கம் ஏதோ கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஐந்து நாள் அவன் காலையும் மாலையும் சோறு கொண்டுபோனான். நான் மேலே நின்று பார்ப்பேன். அந்தப் படியில் அவன் இறங்குவதைப் பார்ப்பேன், ஏறுவதைப் பார்ப்பேன். ஏறும்போது பதினாறு இடத்தில் நிற்பான். எண்ணியிருக்கிறேன். நாற்பத்தோராம் நாள் பங்களா படியை எப்படி ஏறினாய், அப்போது கால் நன்றாக மடங்கியதல்லவா என்று மனதுக்குள் கேட்பேன். நீங்கள் முகத்தைத் திருப்புகிறீர்கள். திருப்பாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஆறாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். மூச்சு இழுத்தது. மகன் திருப்பூரிலிருந்து கார் கொண்டுவந்தான். கிளம்பும்போது கார் என் வாசலில் நின்றது. அவன் இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கினான்.

"சோறு மட்டும் வச்சிரு" என்றான்.

நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். தாளை இறக்கவில்லை. கார் போய்விட்டது. தாளை இறக்கியபோது பேச்சித்தாய் எதிரே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாளு தலைகீழா இருக்கு" என்றாள். இல்லை, நேராகத்தான் இருந்தது. அவள் அப்படித்தான் பேசுவாள்.

அன்று மாலை நான் சோறு கொண்டுபோனேன். அவன் சொன்னதற்காக அல்ல. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டினி கிடக்கிற நாய் குரைக்காது. குரைக்காத நாயை வைத்துச் சிறுத்தையைப் பிடிக்க முடியாது. போராட்டத்தின் நலனுக்காகச் சோறு வைத்தேன். முதல் நாள் வெறும் சோறு. மறுநாள் ராசு கடையில் கொஞ்சம் ஈரல் வாங்கிச் சேர்த்தேன். குரல் நன்றாக வர வேண்டும் அல்லவா.

சாயங்காலம் ஐந்தரைக்குப் போவேன். கார்டு சொன்னான்: "ஐயா, காலையில மட்டும் வைங்க. இந்த நேரத்துல எறங்காதீங்க." ராத்திரி முழுக்கக் குரைக்க வேண்டிய நாய்க்குச் சாயங்காலம் சோறு வைக்காமல் எப்படி? இஸ்ரவேல் வைத்தானே. ஒரு சூப்பர்வைசர் இறங்கிய நேரத்தில் நான் இறங்கக் கூடாதா? போனேன். செவலை என் பின்னால் வரும். வா என்று நான் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை. அதன் விருப்பம்.

"அந்த நேரத்துல அதையாவது அடுப்படியில போட்டுச் சாத்திட்டுப் போமே" என்பாள் பேச்சித்தாய். நான் அவளுக்கு எத்தனை தடவை கொள்கையை விளக்குவது?

கூண்டு வைத்த ஒன்பதாம் நாள், டாக்டரம்மா. மணி ஐந்தே முக்கால். மஞ்சு இறங்கி மூட்டமாக இருந்தது. தூக்குவாளியில் சோறும் ஈரலும். ஓடைக்கரைக்கு நான் வந்தபோதே சீசர் குரைக்க ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளாக என்னைக் கண்டால் வாலை ஆட்டிய நாய். அன்று ஆட்டவில்லை. கம்பியில் முட்டி முட்டிக் குரைத்தது. முகத்திலிருந்து ரத்தம் வந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "யாரைப் பார்த்துக் குரைக்கிறாய்? சோறு போடுகிற கையைப் பார்த்தா? உன் எஜமான் புத்திதானே உனக்கும் இருக்கும்" என்றேன். தூக்குவாளியால் கம்பியில் ஓங்கித் தட்டினேன். தட்டத் தட்ட அது இன்னும் குரைத்தது.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்புக்குப் பக்கத்தில், பின்னால் பார்த்தது.

நனைந்த கொழுந்து மூட்டையைத் தரையில் போட்டால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம். திரும்பினேன். செவலை நின்ற இடத்தில் செவலை இல்லை. தேயிலைச் செடி மட்டும் ஒரு கோடாக அசைந்துகொண்டே மேலே போனது. மேலே போய் நின்றுவிட்டது. அவ்வளவுதான் நான் பார்த்தது. மூன்று மாதம் அந்தச் சிறுத்தையை எதிர்த்துப் போராடினேன், டாக்டரம்மா. அதன் வாலைக்கூட நான் பார்க்கவில்லை.

பத்தடி. கூண்டுக்கும் செவலைக்கும் நடுவில் பத்தடி. கூண்டின் முன்கதவு திறந்துதான் இருந்தது. சிறுத்தைக்குக் கூண்டு தேவைப்படவில்லை. சுதந்திரமாக நின்ற ஒன்று பக்கத்திலேயே கிடைத்தது.

சீசர் முன்னாலேயே குரைத்திருக்கலாம் என்று கொஞ்ச நாள் நினைத்தேன். நினைத்து நினைத்துப் பார்த்தேன். முன்னாலேதான் குரைத்தது. நான் வளைவில் திரும்பியதிலிருந்தே குரைத்தது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். நாயின் மேல் எனக்கு வழக்கு இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்ட என்னைக் கார்டு வந்து தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் ரேஞ்சர் வந்தார். வேறு எஸ்டேட்டில் கன்றுக்குட்டியைத் தூக்கிவிட்டதாம், கூண்டு அங்கே போக வேண்டுமாம். எங்கள் சிறுத்தை பிடிபடவே இல்லை. எங்கே போனது என்றும் தெரியாது. செவலைதான் பதினோராவது. அதற்குப் பிறகு இங்கே எதுவும் போகவில்லை. அதை வெற்றி என்று அறுபத்து மூன்றாவது துண்டறிக்கையில் எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. வழக்கமாக இரண்டு பக்கம் எழுதுவேன்.

கூண்டைத் தூக்குவதற்கு முன்னால் சீசரை வெளியே எடுக்க வேண்டும். ஏழாம் நம்பர் வீடு பூட்டிக் கிடந்தது. "இதை எங்கய்யா விடுறது?" என்றான் கார்டு. சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டான். கம்பளியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நான் ஏறினேன். நூற்றுப் பன்னிரண்டு படி. பதினாறு இடம் எனக்குப் போதவில்லை. ஒவ்வொரு படியிலும் அது நின்றது. இஸ்ரவேல் கற்றுக்கொடுத்த பழக்கம்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுப்படியில் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

"சங்கிலி இந்த வீட்டுக்குள்ள நுழையாதுன்னீரே" என்றாள் பேச்சித்தாய்.

"இது நாய் இல்லை. கைதி" என்றேன். "அவன் திரும்பி வருவான். என் வாசலில் நின்று, வாயைத் திறந்து, என் நாயைக் கொடு என்று கேட்க வேண்டும். கார் கண்ணாடியை இறக்கிக் கேட்கிற கதையெல்லாம் கிடையாது. நேரில் நின்று கேட்க வேண்டும். நான் கொடுக்க மாட்டேன். அதுவரைக்கும் இது உயிரோடு இருக்க வேண்டும்."

"அது சரி. கைதிக்கு எதுக்கு ஈரலு?"

நான் அடுப்படித் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பண்ணினான். எனக்கல்ல, ஐந்தாம் நம்பர் வேலம்மாவுக்கு. அவள் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு என் வாசலுக்கே வந்து நிற்பாள். "சீசர் தின்னுதா? காதுல உண்ணி பாக்கச் சொல்லு. ஊசின்னா பயப்படும், கழுத்துத் தோலத் தூக்கிப் போடச் சொல்லணும்" என்று அவன் இழுத்து இழுத்துப் பேசுவான். இது அந்தக் குரலைக் கேட்டால் கதவைப் பிறாண்டும். வேலம்மா போனை என் பக்கம் நீட்டுவாள். "மாமா, ரெண்டு வார்த்தை." நான் வாங்க மாட்டேன். "வாய் உள்ளவன் நேரில் வந்து பேசட்டும்" என்று அவனுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வேன். அங்கே அவன் பேசாமல் இருப்பான். போனை வைக்கவும் மாட்டான். நானும் உள்ளே போக மாட்டேன். பிறகு வேலம்மாவுக்குக் கை வலிக்கும்.

பத்து வாரம். சித்திரையில் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. நான் வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன், வேறு வேலையாக. செவ்வாய்க்கிழமை அவன் மகன் வேலம்மாவைக் கூப்பிட்டான். அப்பா நேற்றுக் காலையில் போய்விட்டார் என்றான். அங்கேயே எடுத்துவிட்டார்களாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை நான் எப்படிச் சொல்வேன், டாக்டரம்மா. முப்பது வருஷம். ஒரு தடவை என் வாசலில் வந்து நின்றிருந்தால் என்ன? ஒரு தடவை கேட்டிருந்தால் என்ன? இந்த முறையும் அவன் பின்வாசல் வழியாகத்தான் போனான்.

பேச்சித்தாய் அழுதாள். "உள்ள இருக்கறவன் பொழைச்சுக்கிடுவான். வெளிய நிக்கிறவன்தான் சாவான். உமக்கு ரெண்டு தடவை காட்டியாச்சு" என்றாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. துக்கத்தில் பெண்கள் ஏதாவது சொல்வார்கள்.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருவோம்.

வேலம்மா முன்னாலேயே உங்களிடம் சொன்னாளாம், அய்யாத்துரை மாமா நாய் என்று. அடித்துவிடுங்கள் அதை. என் நாய் செவலை. அது உங்கள் படிவத்தில் இல்லை. இது இஸ்ரவேல் நாய். இஸ்ரவேல், ஏழாம் நம்பர் வீடு, கீழ் லைன், ஊசிமட்டம் எஸ்டேட். எழுதுங்கள்.

செத்தவர் பெயரை எழுத முடியாதா? காட்டுங்கள், பார்ப்போம். உங்கள் படிவத்தை நான் மூன்று தடவை படித்துவிட்டேன், இரண்டு பக்கமும். உரிமையாளர் பெயர் என்றுதான் போட்டிருக்கிறது. உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கே போட்டிருக்கிறது?

என் பெயரை எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? அவன் நாயை இவன் எடுத்துக்கொண்டான், இரண்டு பேருக்கும் சரியாகிவிட்டது என்று லைன் பேசும். அதற்குப் பெயர் சமரசம். நான் அதில் கையெழுத்துப் போட மாட்டேன். அவன் போட்டான், நான் போட மாட்டேன். நாய் அவனுடையது. அது யாரையாவது கடித்தால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அவனை நான் விடுவிக்கவில்லை. செத்துப்போனால் விட்டுவிடுவேன் என்று நினைத்தான் போலிருக்கிறது.

எழுதிவிட்டீர்களா? காட்டுங்கள். "இஸ்ரவேல்." சரி. எழுத்து நன்றாக இருக்கிறது.

அடுத்த ஊசி ஒரு வருஷம் கழித்தா? அன்றைக்கும் நான்தான் கொண்டுவருவேன். அன்றைக்கும் இதே பெயரைத்தான் சொல்வேன். நீங்களே வந்தால் நல்லது, திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

போடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். தொடையில் வேண்டாம். கழுத்துத் தோலைத் தூக்கிப் போடுங்கள். ஊசி என்றால் பயப்படும். டேய், இங்கே பார். என்னைப் பார். ஒன்றும் இல்லை.

மணி என்ன? நாலே முக்காலா? கொஞ்சம் சீக்கிரம், டாக்டரம்மா. நான் போய்க் கதவைச் சாத்த வேண்டும்.